சின்னசேலத்து ஸ்பீக்கரும் என் வயிற்றெரிச்சலும்

தம்பி,

அந்த ஸ்பீக்கர் ஜோடியை வாங்கி அனுப்பாதே. நலம் விசாரிப்பதை எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் இதைச் சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். போன வாரம் உன் அம்மாவிடம் பேசும்போது, சின்னசேலத்தில் உன் மாமனார் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்த அதே ஜோடியை நமக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னாயாம். விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், மாமாவும் கேட்டுக் கேட்டுப் பாராட்டுகிறார், அப்பாவும் ஒருதரம் ஒழுங்காக உட்கார்ந்து கேட்டால் வழிக்கு வந்துவிடுவார் என்றாயாம். உன் அம்மா இதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். வழிக்கு வருவதற்கு நான் என்ன வண்டி மாடா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். நான் ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். எழுதி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அதனால்தான் ஊரறியப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். படிக்கிறவர்களில் நாலு பேராவது உன்னைக் கேட்பார்கள், அப்போதாவது நீ கடைசி வரி வரைக்கும் படிப்பாய். வடக்கனந்தலில் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறவனுக்கு ஸ்பீக்கரைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தாங்கள் கண்டுபிடித்த மாதிரி பேச வேண்டாம். எனக்குப் பொறாமை. உன் மாமனார்மேல் பொறாமை, நீ வாய் பிளந்து கேட்கிற அந்த விமர்சகர்கள்மேல் பொறாமை, அவர் வீட்டுக் கூடத்தில் நீ இடம் பார்த்துப் பார்த்து வைத்த அந்த இரண்டு கறுப்புப் பெட்டிகள்மேல்கூடப் பொறாமை. ஆனால் பொறாமைக்காரன் சொல்வதெல்லாம் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அந்த ஸ்பீக்கர் நன்றாக இல்லை.

உன் மாமனார் நல்ல மனிதர். அதுதான் என் கஷ்டமே. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர், உன் கல்யாணத்தில் பந்தியில் நின்று நம் பக்கத்து ஆட்களை முறை சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தவர். குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஆள்மேல் பொறாமை வந்தால், திட்டி ஆற்றிக்கொள்ளவும் வழி இல்லை. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது முறை. நானும் என் தலை தீபாவளிக்கு எலவனாசூர்கோட்டைக்குப் போய், உன் அம்மா வீட்டில் மூக்குமுட்டத் தின்றவன்தான். அன்றைக்கு வடக்கனந்தலில் என் அப்பா என்ன செய்துகொண்டிருப்பார் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைத்ததில்லை. போன தீபாவளிக்குத் தெரிந்துகொண்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, உன் அம்மா சுட்ட வடையைத் தின்றுவிட்டு, கிடக்கிற மாட்டையும் கன்றையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. வெயில் ஏறுகிற நேரத்தில் மருமகள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். நீ புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் ஒயரைக் கடித்தபடி, உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாய். அந்த மனிதர் மடிப்புக் கலையாத சட்டையோடு உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டார்ச் அடிக்கிறார். இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறீர்கள். அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று மட்டும் தெரியவில்லை. ஒயர் வேலை செய்யும்போது டார்ச் பிடிப்பவன் நான் அல்லவா? "ஆட்டாதப்பா, நேரா புடிப்பா" என்று என்னைக் கத்திக் கத்தியே வளர்ந்த பிள்ளை நீ. அவரை நீ ஒரு வார்த்தை கத்தியிருக்க மாட்டாய். அன்று அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் பட்டது.

மறுநாள் பலகாரத் தட்டோடு நானும் உன் அம்மாவும் சின்னசேலம் வந்தோம். காபியை முழுதாகக் குடிக்கவில்லை, அதற்குள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாய். நாற்காலியைக்கூட முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி இடம் பார்த்தாய். இந்த ஸ்பீக்கரைப் பற்றி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று ஒரு காலட்சேபமே நடத்தினாய். கண்ணை மூடினால் பாடகர் எதிரில் நிற்பது தெரிகிறது என்றாராம் ஒருவர். இந்த விலைக்கு இதை அடித்துக்கொள்ள வேறு இல்லை என்றாராம் இன்னொருவர். உன் மாமனார் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு பாட்டைப் போட்டாய். எனக்குப் பிடித்த நாதஸ்வரத்தைத்தான் தேடிப் போட்டாய், அதை நான் மறக்கவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன்.

"எப்டிப்பா இருக்குது?" என்று கேட்டாய்.

"நல்லா இல்ல."

மருமகள் முறுக்குத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். உன் அம்மா என் முழங்காலைக் கிள்ளினாள்.

"இன்னாப்பா நல்லா இல்ல?"

"நாயனம் வாசிக்கறவரு மூக்கடச்சிக்கினு வாசிக்கற மாரி இருக்குது. தவிலு தோலுல வுழாம தகரத்துல வுழுது. காது கூசுதுடா."

"அப்பா, இதுக்குன்னே இருக்கறவங்க வூட்ல மாசக்கணக்கா வெச்சிக் கேட்டுட்டு எழுதியிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதது உனக்கு இன்னா தெரியும்?" என்றாய். சொல்லிவிட்டு உடனே அந்தப் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க சொல்லுங்க" என்றாய்.

"அருமையா இருக்குதுங்க மாப்பிள்ளை. தெளிவுன்னா அப்டி ஒரு தெளிவு" என்றார் அவர்.

நீ என்னைப் பார்த்தாய். பெரிய கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவிட்ட மாதிரி ஒரு பார்வை. தம்பி, நீ என்னைக் கேட்ட கேள்வி எனக்குப் புதிது இல்லை, அதைவிட மோசமாக எல்லாம் என்னைக் கேட்டிருக்கிறாய். என்னை விட்டுவிட்டு அவர் காதைச் சாட்சிக்குக் கூப்பிட்டாயே, அதுதான் சுட்டது. பஸ்ஸில் திரும்பும்போது உன் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எனக்கு நல்லாத்தான் இருந்திச்சி. உங்களுக்குக் கோளாறு காதுல இல்ல, வயித்துல" என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்த விமர்சகர்களைப் போனில் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்குப் போட்டியாக வந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? நீ அடிக்கடி சொல்கிற அந்தத் தாடிக்காரரைத்தான் முதலில் பார்த்தேன். கறுப்புச் சட்டை, பின்னால் சுவர் முழுக்க எதிரொலியைத் தடுக்கிற நுரைப் பலகை, தரை முழுக்கக் கம்பளம், ஜன்னலுக்குப் போர்வை மாதிரி திரை. நன்றாகத்தான் பேசுகிறார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் தரை கிரானைட், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸ், பேச்சே இரண்டு தரம் கேட்கும். அவர் கேட்டது வேறு, நாம் கேட்டது வேறு. வடக்கனந்தலில் நன்றாக வருகிற கரும்பு ரகத்தை மலைமேல் நட்டுவிட்டு, விவசாய ஆபீசர் சொன்னாரே என்று அழுதால் யார் குற்றம்? சந்தையில் மாடு பிடிக்கும்போது தரகர் பல்லைப் பிடித்துப் பார்த்து எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்காமல் நாம் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. ஸ்பீக்கருக்கு மட்டும் நடையைப் பார்க்காமல் பேச்சைக் கேட்டு வாங்கிவிட்டாய். இதையெல்லாம் உன் அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "அந்தத் தாடிக்காரன் உங்கள இன்னா பண்ணான் பாவம்" என்றாள். என்ன பண்ணவில்லை? நான் சொன்னால் "சும்மா இருப்பா" என்கிற பிள்ளை, அவர் சொன்னால் இரண்டு தரம் பின்னால் ஓட்டிக் கேட்கிறான். வேறு என்ன பண்ண வேண்டும்?

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கே என் காதின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதே பெட்டியை நீ முதலில் நம் வீட்டுக்கு வாங்கி வந்திருந்தால், வாயில் ஒயரோடு நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன்? தவில் தகரத்தில் விழுந்தாலும் தங்கத்தில் விழுகிறது என்றுதான் சொல்லியிருப்பேனோ? அப்படியும் தோன்றவில்லை. ஏனென்றால் நமக்குள் அந்தப் பழக்கமே கிடையாது. நம் வீட்டில் இருக்கிற பழைய மரப்பெட்டி ஜோடியை வாங்கின கதையை நீ மறந்திருந்தால் சொல்கிறேன், கேள்.

நீ சேலத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். கல்வராயன் மலையில், கரியாலூரில் இருந்து மாற்றலாகிப் போகிற ஒரு வாத்தியார் ஸ்பீக்கரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் மலை ஏறினோம். அப்போதே நீ எதிலோ படித்துவிட்டு, இந்த மாடலுக்கு விமர்சகர்கள் நல்ல பெயர் தரவில்லை, வேண்டாம் என்றாய். அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். எனக்குப் பிடித்துவிட்டது. உனக்கும் பாதி பிடித்தது, ஆனால் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஆளுக்கு ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினோம். இடம் சேர்ந்து கிடைக்காமல் நீ முன்னால், நான் பின்னால். அங்கிருந்தே கத்திக்கொண்டு வந்தாய். "குரலு ஓகேப்பா, ஆனா அடி சத்தம் கம்மி." நானும் விடவில்லை. "உனக்கு அடி சத்தம்னா திருவிழா செட்டுதான். கொடலு குலுங்கணும் உனக்கு." "உனக்குப் பாட்டே தெரியல, சத்தம் ஜாஸ்தியா கம்மியான்னுதான் தெரியுது" என்றாய் நீ. ஒவ்வொரு வளைவிலும் பெட்டி ஒரு பக்கம் சாயும், நாம் ஒரு பக்கம் சாய்வோம், வாய் மட்டும் நிற்கவில்லை. சாமை மூட்டையோடு ஏறின ஒரு மலைக்காரம்மா பொறுக்க முடியாமல், "எங்க ஊருல இருந்து எடுத்துக்கினு போற பொருள இன்னாத்துக்கு இப்டி வையறீங்க? புடிக்கலன்னா கொண்டுபோயி குடுத்துடுங்க" என்றாள். பஸ்ஸே சிரித்தது. வடக்கனந்தலில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் வரைக்கும் நாம் விடவில்லை. அந்த ஸ்பீக்கரைப் பற்றி நீ எனக்கோ நான் உனக்கோ விட்டுக் கொடுத்ததே இல்லை. வேலைக்குப் போன பிறகும், லீவுக்கு வந்தால் பையை வைத்த கையோடு பாட்டைப் போட்டுவிட்டு என்னைச் சண்டைக்கு இழுப்பாய். மகனோடு உட்கார்ந்து பேச விஷயம் இல்லாமல் தவிக்கிற அப்பாக்களை நான் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகைக் கடைசியில் மக்காச்சோளம் விற்கிற விஷயமாகச் சின்னசேலம் போனேன். ஸ்டேஷன் ரோட்டில் உன் மாமனார் எதிரில் வந்துவிட்டார். நான் பார்க்காத மாதிரி போகலாமா என்று யோசித்தேன், அதற்குள் அவர் கையைப் பிடித்துவிட்டார். "இவ்ளோ தூரம் வந்துட்டு வூட்டுக்கு வராம போவலாமுங்களா சம்பந்தி?" என்று இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் வேறு யாரும் இல்லை, சம்பந்தியம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கூடத்தில் நீ வைத்த ஸ்பீக்கர்கள்மேல் ஒரு பழைய வேட்டி போர்த்தியிருந்தது. பின்கட்டில் அவர் போனில் சின்னதாக ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"தூசி படியுதுன்னு மூடி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்டதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது.

அவர் வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். "உங்களாண்ட சொல்றதுக்கு இன்னாங்க சம்பந்தி... அத போட்டா எனக்குத் தலை வலிக்குதுங்க."

"அன்னிக்கு அருமைன்னு சொன்னீங்களே!"

"வேற இன்னாங்க சொல்றது? தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை. நாங்க மோதரம் போட்டோம், அவுரு ஆசையா இத கொண்டாந்து வெச்சாரு. நல்லா இல்லன்னு என் வாயால வருமுங்களா? பொண்ண குடுத்திருக்கேன் சம்பந்தி." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஞாயித்துக்கெழம ஆனா போன் பண்ணுவாரு. இன்னா பாட்டு கேட்டீங்க மாமான்னு கேப்பாரு. மணி அடிக்கறப்பவே இந்த முழங்கால் வலியோட ஓடிப்போயி வேட்டிய உருவிட்டு, பாட்ட போட்டுட்டு, அப்புறம்தான் போனை எடுப்பேன். பின்னால சத்தம் கேக்கணும் இல்லீங்களா?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒன்று குத்தியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்குப் போன் செய்கிறாயா? எனக்கு நீ மாதத்துக்கு ஒருதரம், அதுவும் அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு, "அப்பா நல்லா இருக்காரா" என்கிறாய். தலைவலி வருகிற மனிதருக்கு வாரா வாரம், காது கொடுக்கத் தயாராக இருக்கிறவனுக்கு மாதம் ஒன்று. அவர் கொடுத்த காபியைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். அவர் அதைக் கவனிக்காமல், வேட்டியைத் திரும்ப ஒழுங்காகப் போர்த்திவிட்டு, மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நீங்க பட்டுனு நல்லா இல்லன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு எழுந்து வந்து உங்க கைய புடிச்சிக்கலாம் போல இருந்திச்சி. நீங்க அப்பா, சொல்லலாம். நான் உசுரோட இருக்கற வரைக்கும் அருமைங்க மாப்பிள்ளைதான். அவுரும் எங்கிட்ட ஒரு நாளும் குரல ஒசத்திப் பேச மாட்டாரு. உங்கள பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுங்க."

தம்பி, அன்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம். குறையே இல்லாத மனிதர் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்! வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது, "அப்பவும் எனக்கு அது நல்லாத்தான் இருந்திச்சி" என்றாள் அவள். இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் சம்பந்திக்குப் போன் செய்து அனுமதியும் கேட்டேன். "எழுதுங்க. மாப்பிள்ளை கேட்டா, சம்பந்திக்கு வயசாயிடிச்சி, இன்னாமோ எழுதறாருன்னு சொல்லிடுவேன்" என்றார். அதனால் நீ அவரைப் போய் விசாரிக்காதே. கேட்டால் அருமைங்க மாப்பிள்ளை என்றுதான் வரும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேள். பாவம், வயதான காலத்தில் ஓடிப்போய் வேட்டியை உருவிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்தத் தாடிக்காரரை மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. ஆரம்பத்திலேயே அவர், இந்த ஜோடியைக் கேட்டுப் பார்க்கச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்கிறார். மறைக்கவில்லை, யோக்கியமாகத்தான் சொல்கிறார். ஆனால் ஆசையாகக் கொண்டுவந்து வைத்ததை எதிரில் வைத்துக்கொண்டு நன்றாக இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் சின்னசேலத்தில் பார்த்துவிட்டேன் அல்லவா? எல்லா விமர்சகர்களையும் நான் சொல்லவில்லை. நேர்மையானவர்கள் இருப்பார்கள். அவருடைய அறையில் அது நிஜமாகவே நன்றாக இருந்திருக்கவும் இருக்கலாம். யாராவது அருமை என்று சொன்னால், அவரால் நன்றாக இல்லை என்று சொல்ல முடியுமா என்று ஒருதரம் யோசித்துப் பார். அப்படிச் சொல்ல முடியாதவர் வாயிலிருந்து வருகிற அருமைக்கு ஒரு மதிப்பும் இல்லை. அந்தத் தாடிக்காரர்மேல் எனக்கு இருந்த பொறாமை அன்றோடு கொஞ்சம் குறைந்தது. உன் மாமனார்மேல் இருந்ததும் குறைந்தது. போட்டியில் நான் ஒருவன்தான் மிச்சம், மகன் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு பொங்கலுக்காகக் காத்திருந்தேன்.

நீயும் மருமகளும் பொங்கலுக்கு வந்தீர்கள். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ வருவதற்கு முந்தின வாரம் நம் பழைய ஜோடியில் ஒன்று கொர்ரென்று கரகரக்க ஆரம்பித்திருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், பாட்டுக்குள் வண்டு நுழைந்த மாதிரி இருக்கும். கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப்போய்ச் சரி செய்திருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். நீ வருவாய், கேட்டதும் குதிப்பாய், "இதத்தான் நல்லா இருக்குன்னு சொல்லிக்கினு இருக்கியா" என்று ஆரம்பிப்பாய், நானும் விடக்கூடாது என்று பதில் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்று, மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் பாட்டைப் போட்டேன். நீ நாற்காலியில் சாய்ந்து கேட்டாய். கொர்ரென்று கத்தியது. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குதுப்பா" என்றாய்.

காதில் விழவில்லையோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டினேன். "எப்டிடா இருக்குது?"

"அருமையா இருக்குதுப்பா."

சமையலறையிலிருந்து உன் அம்மா, "அது இன்னாங்க கொர்ருனு கத்துது? உள்ள எதுனா பூந்துக்கிச்சா?" என்று சத்தம் போட்டாள். அப்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். "வுடும்மா, பழசு தானே. அப்பாவுக்குப் புடிச்சிருக்குது இல்ல?"

பாட்டை நிறுத்திவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று எழுந்து போனேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. உன் மேல் கோபம் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் நீ கேட்ட கேள்வி எனக்கு வலித்தது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள், அநேகமாக மருமகளாக இருக்கும், நல்ல பெண். அப்பா மனசு நோகக்கூடாது என்று நீ பார்த்துப் பேசியிருக்கிறாய். அதெல்லாம் புரிகிறது. ஆனால் அந்த அருமை எனக்குத் தெரிந்த அருமை. அது எப்படிப்பட்டது என்று உன் மாமனாரிடம் அரை நாள் உட்கார்ந்து நான் பாடம் கேட்டுவிட்டு வந்தவன். நீ எனக்கு அதையே கொடுத்தாய். இவ்வளவு நாளும் என் பிள்ளையை அந்த மனிதர் பறித்துக்கொண்டார், தாடிக்காரர் பறித்துக்கொண்டார் என்று பொறாமையில் வெந்தேன். பறித்தவர் யாரும் இல்லை. நீயே என்னை நல்லபடியாக நடத்தத் தொடங்கிவிட்டாய், அதற்கு நான் யார்மேல் பொறாமைப்படுவது?

சித்திரையில் லீவு கிடைக்கும் என்றாய். வா. கையில் பெட்டி எதுவும் கொண்டுவராதே, யார் எவ்வளவு பாராட்டியிருந்தாலும் சரி. அந்தக் கரகரப்பை நான் சரி செய்யவில்லை, செய்யப் போவதும் இல்லை, உன் அம்மா தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். வந்து உட்கார்ந்து கேள். கேட்டுவிட்டு, இன்னாப்பா இது, காதா இல்ல வேற எதுனாவா, உனக்கு இன்னாதான் தெரியும் என்று கத்து. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்து. நானும் கத்துகிறேன். அவர் வீட்டுக்குத்தான் நீ மாப்பிள்ளை. எனக்கு நீ மகன். என்னிடம் அருமை என்று சொல்லாதே.

உன் அப்பா